ஓடைக்கரை நிழல்: நெகிரி செம்பிலான் தோட்டங்களின் நீர் வரலாறு

ஆறு என்னும் சொல்லுக்குத் தமிழில் நீரோடும் நெறி என்பதும் பொருள். மக்கள் நடக்கும் வழி என்பதும் பொருள். பத்துப்பாட்டினுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகளாக அமைந்திருப்பதை மாணவர் அறிவர். ஆங்கே ஆறு என்பது வழியையே குறிக்கின்றது. நெகிரி செம்பிலான் மாநிலத்தின் பழைய வரலாற்றைப் புரட்டுவோர்க்கு இவ்விரு பொருளும் ஒன்றாகிவிடுகின்றன. சாலைகள் தோன்றுமுன் அம்மாநிலத்தில் ஆறே வழியாக இருந்தது. ஊர்ப்பெயர்களே இதற்குச் சான்று பகர்கின்றன. ரந்தாவ் என்பது மலாய் மொழியில் ஆற்றின் நீண்ட ஓட்டத்தைக் குறிக்கும் சொல். ஜெராம் பாடாங்கில் உள்ள ஜெராம் என்பது பாறைகளின்மேல் நீர் துள்ளி விழும் இடம். பெங்காலான் கெம்பாஸ் என்பதில் உள்ள முதற்சொல்லுக்குப் படகுத்துறை என்று பொருள். குவாலா பிலா, குவாலா கெலாவாங் என்பனவற்றில் வரும் குவாலா, ஆறு கூடும் முகத்தைச் சுட்டும். இவ்வூர்களைச் சூழ்ந்த தோட்டங்களிலேதான் நம்மவர் மூன்று நான்கு தலைமுறைகளாக வாழ்ந்தனர். ஊரின் பெயரை நாள்தோறும் உச்சரித்தோமேயன்றி, அப்பெயருக்குள் ஓடிய நீரை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

அம்மாநில ஆறுகளுள் லிங்கி ஆறு வரலாற்றுச் சிறப்பு மிக்கது. சிரம்பான் பகுதி அந்நாளில் சுங்கை ஊஜோங் எனப்பட்டது. அங்கு எடுக்கப்பட்ட ஈயம் இவ்வாற்றின் வழியே படகுகளில் கடலுக்குச் சென்றது. ஆற்றின் கரையில் அதிகாரம் செலுத்தியவர்கள் சுங்கம் தண்டினர். சுங்கத்தின் பொருட்டுப் பூசல்கள் மூண்டன. 1874-ஆம் ஆண்டில் பிரிட்டிஷார் சுங்கை ஊஜோங் அரசியலில் நுழைந்தபோது, லிங்கி ஆற்றுப் போக்குவரத்தைத் தடையின்றித் திறந்து வைத்தல் என்பதே அவர்கள் செய்த உடன்படிக்கையின் முதன்மைக் கருத்தாக இருந்தது. கிழக்கே ஜெம்போல் பக்கத்தில் இன்னொரு புதுமை உண்டு. அங்கு மூவார் ஆற்றின் கிளைக்கும் பகாங் ஆற்றோடு சேரும் செர்த்திங் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலம் மிகக் குறுகியது. படகுகளை அந்நிலத்தின் வழியே இழுத்துச் சென்று மறுபக்கம் மிதக்கவிட்டால் மலாக்கா நீரிணையிலிருந்து தென்சீனக் கடல்வரை செல்லலாம். அவ்வழிக்குப் பெனாரிக்கான், அஃதாவது இழுத்துச் செல்லும் இடம், என்று பெயர். 1891-இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே இருப்புப்பாதை ஓடத் தொடங்கிய பின்னர் ஆறு வழியாக இருந்த காலம் மெல்ல முடிந்தது. வழியாக இருந்தவரை ஆற்றைக் காப்பதில் ஆட்சியாளர்க்கு அக்கறை இருந்தது. பிறகு அது கழிவு செல்லும் கால் ஆயிற்று.

நம் தோட்ட வரலாற்றை எழுதியவர்கள் கங்காணியை எழுதியுள்ளனர். துரையையும் கிராணியையும் எழுதியுள்ளனர். கள்ளுக்கடையையும் கோவிலையும் தமிழ்ப்பள்ளியையும் எழுதியுள்ளனர். ஓடையை எழுதியவர் அரியர். ஓடையின்றி ஒரு தோட்டமும் இல்லை. லயங்கள் எழுப்பப்பட்டது ஓடைக்கு அருகிலே. பால் உறையவைக்கும் ஆலை நின்றது ஓடைக்கரையிலே. மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் எடுத்தது ஓடைத்துறையிலே. இறந்தார்க்குக் கருமம் முடித்ததும் அத்துறையிலேயே. நம்மவர் பிறப்பும் இறப்பும் அந்த நீரோடு பிணைந்தன. 'இறப்பு' என்பதை இங்கு அணிக்காகக் கூறவில்லை. அந்த ஓடைகளே ஒரு காலத்தில் அவர்களைக் கொன்றன. ஏன் கொன்றன என்பதை அறிந்தால்தான் இன்று நீர்நிலைகளைக் காப்பது பற்றி நாம் பேசும் பேச்சுக்கு வேர் கிடைக்கும்.

நெகிரி செம்பிலானின் நிலம் பெரும்பாலும் சமவெளியன்று. தித்திவாங்சா மலைத்தொடரின் தென்கோடி அம்மாநிலத்துள் இறங்கிக் குன்றுகளாகச் சிதறிக் கிடக்கின்றது. குன்றுக்குக் குன்று இடையே ஒரு மடிப்பு. மடிப்புக்கு மடிப்பு ஓர் ஓடை. காடு இருந்த காலத்தில் அவ்வோடைகளின்மேல் வெயில் விழுந்ததில்லை. 1880-களில் சுங்கை ஊஜோங்கில் காப்பித் தோட்டங்கள் தோன்றின; லின்சம் அவற்றுள் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ரப்பர் விலை ஏற ஏற, காட்டை வெட்டும் வேகமும் ஏறிற்று. லாபு, சிலியாவ், ரந்தாவ், சுவா பெத்தோங், பின்னர் பகாவ் எனத் தோட்டங்கள் பரவின. மரங்களை வீழ்த்தித் தீயிட்டு, குன்றின் உச்சியிலிருந்து நீரின் விளிம்புவரை ஒரு சாண் நிலமும் விடாமல் கன்று நட்டனர். நிலத்துக்கு வாடகை கொடுத்தவர் நீர்விளிம்பை மட்டும் ஏன் விடுவார்? அன்றைய கணக்கு அப்படித்தான் இருந்தது.

வெட்டியவர் நம்மவர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்தவர்கள். புதிதாகத் திறந்த தோட்டங்களில் அவர்கள் குளிர்காய்ச்சலால் குவியல் குவியலாக விழுந்தனர். 1911-ஆம் ஆண்டில் கூட்டமலாய் மாநிலங்களின் தோட்டத் தொழிலாளருள் ஆயிரவர்க்கு அறுபதின்மருக்கு மேல் மாண்டனர். அறுபது என்பது எண்ணளவில் சிறிதாகத் தோன்றலாம். ஆயிரம் பேர் வாழும் தோட்டமொன்றில் வாரந்தோறும் ஒருவருக்குக் குறையாமல் சுடுகாட்டுக்குச் சென்றனர் என்று எண்ணிப் பார்த்தால் அதன் பாரம் விளங்கும். அவர்கள் முதியவர்களும் அல்லர். உழைக்க வந்த இளைஞர்கள். தோட்டத்துக்குத் தீட்டுப் பட்டது, காவல் தெய்வம் சினந்தது என்று அம்மக்கள் கருதியதில் வியப்பில்லை. படித்த வெள்ளையருங்கூட அண்மைக்காலம்வரை, கிளறிய மண்ணிலிருந்து எழும் நச்சுக்காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்றுதானே நம்பியிருந்தனர்!

கொசுவே மலேரியாவைச் சுமந்து செல்கின்றது என்பதற்கான சான்றை 1897-இல் ரொனால்ட் ராஸ் இந்தியாவில் செக்கந்தராபாத்தில் கண்டார். அவ்வுண்மையை மலாயாவின் மண்ணில் செயற்படுத்தியவர் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர். 1901-இல் சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளானில் பணியேற்ற அவர், அந்நகரையும் புதிய துறைமுகமான போர்ட் சுவெட்டன்ஹாமையும் சூழ்ந்த சதுப்புகளை வடியச் செய்தார். காடு வெட்டப்பட்டது, வாய்க்கால்கள் தோண்டப்பட்டன, ஓரிரு ஆண்டுகளிலேயே காய்ச்சல் வியக்கத்தக்க அளவில் தணிந்தது. இதனால் பலரும் ஒரு முடிவுக்கு வந்தனர்: காட்டை அழி, நீரை வடித்துவிடு, காய்ச்சல் அகலும். கடலோரச் சமவெளியில் இது மெய்யாயிற்று.

மலைப்பக்கத்தில் இது பொய்த்தது. அதுவும் கொடிய முறையில் பொய்த்தது. குன்றுகளிடையே இருந்த தோட்டங்களில் காட்டை வெட்டிய பிறகு காய்ச்சல் தணியவில்லை, புதிதாகப் பிறந்தது. தேங்கிய சேறு ஒன்றும் அங்கு இல்லை. ஓடைகள் துப்புரவாக்கப்பட்டு, கற்களின்மேல் பளிங்குபோல் நீர் ஓடிக்கொண்டிருந்தது. வாட்சன் ஆராய்ந்து கண்டது இதுதான். அனோபிலஸ் கொசுக்களுள் பல இனங்கள் உண்டு. ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வொரு நீர் பிடிக்கும். சமவெளிச் சதுப்பில் காட்டின் இருட்டில் வளர்வது அம்புரோசஸ் என்னும் இனம். வெயில் பட்டால் அது வாழாது. மலைப்பக்கத்தில் வளர்வது மக்குலாட்டஸ் என்னும் இனம். அது விரும்புவது வெயில் விழும், தெளிந்த, மெல்ல ஓடும் ஊற்றுநீர். காடு மூடியிருந்தவரை மலையோடையில் மக்குலாட்டசுக்கு இடமில்லை. கரையின் நிழலை மனிதன் அகற்றினான், வெயில் நீரைத் தொட்டது, கொசு வந்தது. அதன்பின் காய்ச்சல் வந்தது.

நீர்நிலை பற்றிய நம் எண்ணத்தையே இச்செய்தி தலைகீழாக்குகின்றது. கலங்கிய நீர் நோய் தரும், தெளிந்த நீர் நலம் தரும் என்று நாம் பள்ளியில் கற்பிக்கின்றோம். கண்ணுக்குத் தெளிவாக இருந்த அந்நீரே அத்தனை பேரை மாய்த்தது. நீரின் நலத்தை நீருக்குள் மட்டும் தேடுதல் கூடாது, கரையிலும் தேட வேண்டும் என்பதை அம்மலையோடைகள் நூறாண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டன.

ஆயின் தோட்ட நிருவாகங்கள் கரையின் நிழலைத் திரும்ப வளர்க்க முற்படவில்லை. நட்ட ரப்பரைப் பிடுங்கிக் காடு வளர்ப்பதை எந்தப் பங்குதாரர் ஏற்பார்? வேறு இரு வழிகளை அவர்கள் கைக்கொண்டனர். முதலாவது, ஓடையையே மண்ணுக்குள் புதைத்தல். மடிப்பின் ஊற்றுகளில் சுடுமண் குழாய்களைப் பதித்து, நீர் வெயிலைக் காணாதவாறு நிலத்தடியில் ஓடச் செய்தனர். இஃது உறுதியான முறை, எனினும் செலவு மிகுந்தது. இரண்டாவது, எண்ணெய் தெளித்தல். 1910-களில் பரவிய இம்முறையில், தொழிலாளர் சிலர் எண்ணெய்க் கலத்தை முதுகில் சுமந்து, வாரம் ஒருமுறை தோட்டத்தின் எல்லா ஓடைகளிலும் கசிவுகளிலும் எண்ணெய் தெளித்து வந்தனர். நீரின்மேல் படரும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தால் கொசுவின் கூட்டுப்புழுக்கள் மூச்சடைத்து மடிந்தன. கூடவே நீரின் மற்ற உயிர்களும் துன்புற்றன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் இம்முறையால் எண்ணற்ற உயிர்கள் பிழைத்தன. அதை மறைப்பது நன்றி கொன்றதாகும். எண்ணெய் தெளித்த அத்தொழிலாளர்க்கும், மழையில் நின்று வாய்க்கால் வெட்டியவர்க்கும் எந்த நூலிலும் பெயர் இல்லை. வாட்சனுக்கு அரசு 'சர்' பட்டம் வழங்கிற்று. அவர் அதற்குத் தக்கவரே. மண்வெட்டி பிடித்தவர்களும் அவருடன் நின்றவர்களே என்று ஒரு வரி எழுதுவதால் வாட்சனின் புகழ் குறைந்துவிடாது.

நிழலைத் திரும்பக் கொணரும் எண்ணம் உலகில் யாருக்கும் தோன்றாமல் போகவில்லை. 1930-களில் அசாம் தேயிலைத் தோட்டங்களில், வெயிலை விரும்பும் இன்னொரு கொசுவினத்தை ஒடுக்க ஓடைக்கரைகளில் அடர்ந்த புதர்ச்செடிகளை வளர்த்தனர். மலாயாவிலும் இயற்கையோடு இயைந்த இத்தகைய முறைகளைச் சிலர் ஆய்ந்து பார்த்தனர். எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. ஆட்கூலியும் மலிவாக இருந்தது. எனவே நிழல் தோற்றது.

கரை வெறுமையானதன் விளைவு காய்ச்சலோடு நிற்கவில்லை. மண்ணும் போயிற்று. ரப்பர் மரத்தினடியில் ஒரு புல்லும் முளைக்கலாகாது என்பது அந்நாளைய துரைமார்களின் கொள்கை. பெண்களும் ஆண்களும் வரிசையாக நின்று மண்வெட்டியால் நிலத்தைச் சுரண்டிப் பெருக்கி வைத்தனர். பார்வைக்குத் தோட்டம் கோவில் முற்றம்போல் இருந்தது. மழை பெய்யும்போது மேல்மண் முழுவதும் மடிப்புகளில் இறங்கி ஓடைக்குச் சென்றது. ஈயச் சுரங்கங்களின் கழிமணலும் அதனோடு சேர, படகு சென்ற ஆறுகள் மேடிட்டன. 1920-இல் கூட்டமலாய் மாநிலங்களில் நீர்நிலைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆற்றின் கரைக்கு ஊறு செய்வதையும் அதன் போக்கைத் திருப்புவதையும் அச்சட்டம் கட்டுப்படுத்திற்று. ஆயினும் தாளில் எழுதிய சட்டம் மண்ணைத் தடுக்கவில்லை. 1926 திசம்பரில் மலாயாவின் பல பகுதிகளை மூழ்கடித்த பெருவெள்ளம் அனைவரையும் விழிக்கச் செய்தது. 1932-இல் வடிகால் நீர்ப்பாசனத் துறை அமைந்தது. களையை அடியோடு ஒழிப்பது தவறு என்பதையும் அக்காலத்தில்தான் தோட்டக்காரர்கள் உணர்ந்தனர். மூடுபயிர்க் கொடிகளை மரங்களிடையே படரவிட்டனர். குன்றுச் சரிவில் படிகளும் மண்பிடிக்குழிகளும் அமைத்தனர். சுரண்டச் சொன்ன கைகளுக்கே இப்போது கொடி நடச் சொன்னார்கள். சப்பானியர் ஆட்சியில் வாய்க்கால்கள் பேணுவாரின்றித் தூர்ந்து காய்ச்சல் மீண்டும் தலைவிரித்தாடியதும், போருக்குப்பின் டி.டி.டி. மருந்தும் 1967-இல் தொடங்கிய மலேரியா ஒழிப்புத் திட்டமும் அதனை அடக்கியதும் அனைவரும் அறிந்த செய்தி.

காய்ச்சல் ஓய்ந்த ஓடைக்கு அடுத்த துன்பம் ஆலையிலிருந்து வந்தது. மரப்பாலை உறையவைக்க அமிலம் இடுவர். கட்டி எடுத்தபின் எஞ்சும் புளித்த நீரும் கழுவுநீரும் ஓடைக்குள் விடப்பட்டன. அந்த நாற்றத்தைத் தோட்டத்தில் பிறந்தவர் எவரும் மறக்கமாட்டார். எனினும் ரப்பரை வென்றது செம்பனை. 1960-கள் தொட்டு ரப்பர் மரங்களை அகற்றிச் செம்பனை நடத் தொடங்கினர். ஒரு டன் செம்பனை எண்ணெய் எடுப்பதற்கு ஏறத்தாழ இரண்டரை டன் கழிவுநீர் உண்டாகின்றது. அக்கழிவில் நஞ்சு ஏதுமில்லை என்று ஆலைக்காரர் கூறுவதுண்டு. அது மெய்யே, ஆயினும் மீனுக்கு அதனால் ஆறுதல் இல்லை. கழிவிலுள்ள கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் உண்ணும்போது நீரில் கரைந்துள்ள உயிர்வளியை அவை எடுத்துக்கொள்கின்றன. எவ்வளவு உயிர்வளி தேவை என்பதே கழிவின் அளவுகோல். வீட்டுச் சாக்கடைநீரில் அது லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம். செம்பனைக் கழிவில் ஏறத்தாழ 25,000 மில்லிகிராம்! ஓடையின் உயிர்வளி முழுவதும் தீர்ந்து, மீன்கள் வாய் பிளந்து மிதந்தன. லயத்தார் குளித்த துறையில் கறுத்த நீர் நின்றது.

1974-இல் மலேசியச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் நிறைவேறிற்று. அதன்கீழ் 1977-இல் செம்பனை ஆலைகளுக்கும் 1978-இல் ரப்பர் ஆலைகளுக்கும் தனித்தனி ஒழுங்குவிதிகள் வந்தன. இவ்விதிகள் அமைக்கப்பட்ட முறை பாராட்டுக்குரியது. ஒரே நாளில் ஆலைகளை மூடுமாறு கூறாமல், கழிவின் அளவைப் படிப்படியாகக் குறைக்கச் செய்தனர். 1978-இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் வரை விடலாம், அடுத்த ஆண்டு 2,000, அதற்கடுத்து 1,000, பின்னர் 500, பின்னர் 250, 1984-இல் 100. ஆற்றில் விடும் கழிவின் பளுவுக்கேற்பக் கட்டணமும் விதிக்கப்பட்டது. ஆலைகள் வரிசையாகக் குளங்கள் வெட்டி, காற்றுப்படாத குளத்தில் நுண்ணுயிர்களைக் கொண்டே கழிவை முறித்து, பின்னர் வெளியேவிடக் கற்றுக்கொண்டன. செம்பனை உற்பத்தி பெருகிய அதே ஆண்டுகளில் ஆற்றிற் சேர்ந்த கழிவின் பளு பெரிதும் குறைந்தது. சட்டம் வென்ற இடங்களுள் இது ஒன்று. குறைகளை மட்டுமே எழுதிப் பழகிய நாம் இதனையும் மாணவர்க்குச் சொல்லவேண்டும்.

களைக்கொல்லியின் கதை வேறு. மண்வெட்டியின் இடத்தைத் தெளிப்பான் பிடித்தது. அதைச் சுமந்தவர்களுள் மிகப் பலர் தமிழ்ப் பெண்கள். கையுறையும் முகமூடியும் சூடு தாங்காமல் கழற்றிவைக்கப்பட்டன. அல்லது கொடுக்கப்படவே இல்லை. கலத்தைக் கழுவியது ஓடையிலே. கைகால் கழுவியதும் ஆங்கே. பாரக்குவாட் என்னும் மருந்தைத் தடைசெய்வதாக மலேசியா 2002-இல் அறிவித்தது. 2006-இல் அத்தடையைத் தளர்த்தியது. முற்றான தடை 2020-இல்தான் நடைமுறைக்கு வந்தது. பதினெட்டாண்டுகள்! சேவல் கூவுமுன் பெரட்டுக்குச் சென்று அம்மருந்தைத் தெளித்த ஒரு பெண்ணின் உழைப்புக்காலத்தில் பாதி அது.

இதற்கிடையே தோட்டங்களே மறையலாயின. நீலாய், செனாவாங், லாபு ஆகிய பகுதிகளில் ரப்பர் நின்ற குன்றுகள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. ஓடைகள் இடம்பெயரவில்லை, அவற்றுள் கலப்பது மட்டும் மாறிற்று. 2016-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நீலாய்ப் பக்கத்திலிருந்து ஆற்றில் கலந்த கழிவின் நாற்றத்தால், சிலாங்கூரிலுள்ள செமினி நீர்ச்சுத்திகரிப்பு நிலையத்தைப் பன்முறை மூட நேர்ந்தது. பல இலட்சம் வீடுகளில் குழாய் வறண்டது. நீருக்கு மாநில எல்லை தெரியாது. தோட்ட மக்களோ நகரங்களின் மலிவு வீடுகளுக்குப் பெயர்ந்துவிட்டனர். எஞ்சிய தோட்டங்களில் பால்வெட்டும் குலைவெட்டும் இன்று பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் செய்கின்ற வேலைகள்.

அங்கே ஓடைக்கரையில் ஒரு மாற்றம் நிகழ்ந்து வருகின்றது. ஆற்றோர ஒதுக்குநிலம் பற்றிய வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டி, ஐந்து மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள ஓடைக்கு இருகரையிலும் ஐந்து மீட்டரும், நாற்பது மீட்டருக்கு மேற்பட்ட ஆற்றுக்கு ஐம்பது மீட்டரும் விடச் சொல்கின்றது. 2004-இல் அமைந்த செம்பனை எண்ணெய் வட்டமேசை அமைப்பின் சான்றிதழும், 2020-இல் கட்டாயமாக்கப்பட்ட மலேசியச் சான்றிதழ் முறையும் இக்கரைநிலத்தைக் காக்குமாறு கோருகின்றன. ஏற்கெனவே விளிம்புவரை நட்ட மரங்களை உடனே வெட்ட எவரும் முன்வருவதில்லை. செம்பனைக்கு ஏறத்தாழ இருபத்தைந்தாண்டு வாழ்நாள். அது முடிந்து மறுநடவு செய்யும்போதுதான் கரையை விட்டு நடுகின்றனர். விட்ட இடத்தில் புதரும் மரமும் தாமே எழுகின்றன. அதுவரை கரையோர மரங்களின் அடியில் வண்ணக்கோடு தீட்டி வைக்கின்றனர். தெளிப்பானைச் சுமந்து வருகின்ற தொழிலாளிக்கு அக்கோடு ஓர் ஆணை: அதற்கு அப்பால், நீரின் பக்கம், எதையும் தெளிக்கக் கூடாது.